சுரங்கத்துக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்..

1/
"டாக்டர், நீங்க சுகர், பிபி பத்தி எழுதுங்க. கேம் பத்தியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிடுறேன்.

கை வலி, தூக்கமின்மை, கண் எரிச்சல், "பையன் ரூமை விட்டு வெளியவே வர மாட்டேங்கிறான் சார்".. இதெல்லாம் எங்க வந்து நிக்குதுன்னு நினைக்கிறீங்க? அரசு மருத்துவமனை ஓபி வரிசையிலதான். அதனால எனக்குத்தான் இது.

2/
இன்னிக்கு பேசப் போறது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் (Old School இல்ல பழைய பள்ளிக்கூடம்னு நினைச்சுடாதீங்க, கேமோட பேரே அதுதான்) என்ற ஆன்லைன் கேம்ல வர்ற மைனிங் பத்தி.

மைனிங்னா பிட்காயின் இல்லைங்க. கேமுக்குள்ள பிக்காசு எடுத்துட்டுப் போய் பாறையை வெட்டி தாது எடுக்கிறது. அவ்ளோதான்.

3/
தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம்.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வந்தது. செய்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தில் இருக்கிற ஜேகெக்ஸ் நிறுவனம். கேம் ரொம்ப மாறிப்போச்சு, பழசே வேணும்னு ஆட்கள் கேட்டதால, 2007ல எடுத்து வெச்சிருந்த பழைய பிரதியை 2013 பிப்ரவரியில் தனி கேமா திறந்து விட்டாங்க. அதுதான் ஓல்ட் ஸ்கூல். 2018 அக்டோபரில் செல்போனுக்கும் வந்தது. அங்கதான் நம்ம வீட்டு ஹாலுக்குள்ளயும் வந்துச்சு.

4/
என்னோட கட்சி என்னன்னு இங்கயே சொல்லிடுறேன். அப்புறம் "டாக்டர் சுத்தி வளைக்கிறார்"னு சொல்லக் கூடாது.

கேம்ல சுரங்கம் வெட்டுறது தப்பே இல்ல. ஆனா புதுசா வர்றவன்கிட்ட முதல் நாளே "99க்கு வேகமா போறது எப்படி"ன்னு சொல்லிக் கொடுக்கிற வழிகாட்டிகள் இருக்கு பாருங்க, அதுதான் தப்பு. பொழுதுபோக்கை எடுத்து, சம்பளம் இல்லாத ஷிஃப்ட் வேலையா மாத்துறாங்க.

5/
குறை சொல்றதுக்கு முன்னாடி, ஆரம்பிக்கிறது எப்படின்னு ஒழுங்கா சொல்லணும் இல்லையா? சொல்றேன்.

கேமுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல ஒரு பயிற்சித் தீவு. அங்கயே செம்பு ஒண்ணு, தகரம் ஒண்ணு வெட்ட வைப்பாங்க. ரெண்டையும் உலையில உருக்கினா வெண்கலக் கட்டி. அதை அடிச்சு ஒரு குத்துவாள். தீவை விட்டுக் கிளம்பும்போது கையில ஒரு வெண்கலப் பிக்காசு இருக்கும்.

ஆரம்பிக்க இதுவே போதும். ஒரு பைசா செலவு இல்ல.

6/
தீவிலிருந்து இறங்குற ஊர் பேரு லம்ப்ரிட்ஜ். அதுக்குத் தெற்கே ஒரு சதுப்பு நிலம். அதோட கிழக்குப் பக்கம் செம்புப் பாறையும் தகரப் பாறையும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும்.

பாறை மேல ஒரு கிளிக். உங்க ஆளு வெட்ட ஆரம்பிப்பான். தாது விழுந்ததும் பாறை காலியாகி சாம்பல் நிறமாகும். கொஞ்ச நேரத்துல திரும்ப நிறையும். பையில 28 இடம். நிறைஞ்சா பேங்க்ல போடணும், இல்ல கீழ போடணும்.

மைனிங்கோட மொத்த ரகசியமும் இதுதான்!

7/
பிக்காசு நல்லதா இருந்தா தாது சீக்கிரம் விழும். வெண்கலமும் இரும்பும் லெவல் 1லயே பிடிக்கலாம். எஃகு 6, மித்ரில் 21, அடமன்ட் 31, ரூன் 41.

எல்லாமே ட்வார்வன் மைன்னு சொல்ற குள்ளர்கள் சுரங்கத்துல, நர்மோஃப் கடையில கிடைக்கும். லெவல் 41 ஆகுறதுக்கு முன்னாடியே ரூன் பிக்காசுக்காக அலையாதீங்க. வாங்கினாலும் அதை வெச்சு வெட்ட முடியாது.

இன்னொண்ணு. பிக்காசு பையில கிடந்தாலே போதும், கையில பிடிச்சிருக்கணும்னு அவசியம் இல்ல. இது தெரியாம பையில ஒரு இடம் போகுதேன்னு சண்டை லெவல் ஏத்தப் போனவங்க உண்டு.

8/
எந்தப் பாறை எப்போ?

களிமண், செம்பு, தகரம் லெவல் 1.
இரும்பு 15.
வெள்ளி 20.
நிலக்கரி 30.
தங்கம் 40.
மித்ரில் 55.
அடமன்டைட் 70.
ரூனைட் 85.

இவ்வளவும் காசு கட்டாம ஆடுற இலவச உலகத்துலயே இருக்கு. "மெம்பர்ஷிப் வாங்கினாத்தான் மைனிங்" என்று யாராவது சொன்னா நம்பாதீங்க.

9/
இப்போ கணக்குக்கு வருவோம். என் வழக்கே இந்தக் கணக்குலதான் நிக்குது, பொறுமையா படிங்க.

ஒரு செம்புக்கு 17.5 எக்ஸ்பி. லெவல் 2க்கு 83 எக்ஸ்பி. அதாவது அஞ்சே பாறை!

லெவல் 15க்கு 2,411 எக்ஸ்பி. மொத்தம் 138 செம்பு. அங்கிருந்து இரும்பு, ஒண்ணுக்கு 35 எக்ஸ்பி. லெவல் 30க்கு 13,363 எக்ஸ்பி, அதாவது இன்னும் 313 இரும்பு.

ஆக 451 பாறையில லெவல் 30. ஒரு சாயங்காலத்துல முடியுற சமாச்சாரம். ஜாலியா இருக்கு இல்ல?

10/
இருக்கும். அப்படித்தான் கட்டியிருக்காங்க.

இப்போ 99க்கு எவ்வளவு தெரியுமா?

1,30,34,431 எக்ஸ்பி.

முழுக்க இரும்பே வெட்டினா சுமார் 3 லட்சத்து 72 ஆயிரம் பாறை. ஒண்ணுக்கு 3 செகண்ட்னு தாராளமா வெச்சாலும் 310 மணி நேரம். எட்டு மணி நேர டூட்டி கணக்குல 39 ஷிஃப்ட். ஒரு ஓவர்டைம் காசு கூட கிடையாது.

11/
இதுல இன்னொரு கூத்து இருக்கு. லெவல் 92க்கு வந்துட்டா "இன்னும் ஏழே லெவல்தான்"னு தோணும்.

ஆனா 92க்கு வேண்டியது 65,17,253 எக்ஸ்பி. மொத்தத்துல சரியா பாதி!

92 வரைக்கும் எவ்வளவு வெட்டினீங்களோ, அதே அளவு மறுபடியும் வெட்டணும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், விட முடியுமா" என்கிற எண்ணம் எங்க பலமா இருக்குமோ, அங்கதான் பாதை நீளுது. இந்த எண்ணத்தை நான் வேற இடத்துலயும் பார்த்திருக்கேன். சீட்டாட்டத்துல தோத்தவன் பேச்சுல.

12/
உடனே "அப்போ இதுவும் சூதாட்டம்தானே டாக்டர்?"னு பெற்றோர்கள் வந்துடாதீங்க.

இல்ல.

ரம்மி மாதிரி காசு கட்டி காசு ஜெயிக்கிற பந்தயம் இல்ல இது. பாறை வெட்டினா தாது கண்டிப்பா வரும். இந்த ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறவங்க பிள்ளைங்ககிட்ட நம்பிக்கையைத்தான் இழப்பாங்க. அவன் "எங்கப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னு முடிவு பண்ணிடுவான். அதுக்கப்புறம் நீங்க சொல்ற நல்லதும் அவன் காதுல ஏறாது.

13/
சரி, வழிகாட்டிகள் மேல எனக்கு என்ன கோபம்?

"பவர் மைனிங்" என்று ஒரு முறை சொல்வாங்க. வெட்டின தாதுவை பேங்க்குக்குக் கொண்டு போகாம, அங்கேயே கீழ போட்டுட்டு அடுத்ததை வெட்டு. நேரம் மிச்சம்.

யோசிங்க. தாது எடுக்கத்தானே சுரங்கத்துக்குப் போனோம்? எடுத்த தாதுவைக் குப்பையில கொட்டிட்டு, நம்பர் ஏறுறதை மட்டும் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுக்குப் பேரு விளையாட்டா?

14/
அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. இந்த கேமோட கடிகாரம் 0.6 செகண்டுக்கு ஒரு தடவை துடிக்கும். அதை "டிக்"னு சொல்றாங்க. லெவல் 45க்கு மேல பாலைவனத்துல கிரானைட் பாறை வெட்டுறவங்க, மூணு டிக்குக்கு ஒரு முறை, அதாவது 1.8 செகண்டுக்கு ஒரு முறை, தாளம் தப்பாம குறிப்பிட்ட வரிசையில கிளிக் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. மணிக்கணக்கில்.

தெரிஞ்சே செய்றவங்க செய்யட்டும். ஆனா நேத்து சேர்ந்த பதினாறு வயசுப் பையனுக்கு "இதுதான் பெஸ்ட் மெத்தட்"னு அதைக் காட்டுறது அநியாயம்.

15/
ஏன் அநியாயம்? இங்கதான் எம்பிபிஎஸ் வேலைக்கு வருது.

இரும்பை வெட்டிக் கீழ போடுற முறையில பாறைக்கு ரெண்டு கிளிக். வெட்ட ஒண்ணு, போட ஒண்ணு. 99க்கு மொத்தம் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் கிளிக்குக்கு மேல.

எல்லாம் ஒரே விரல். ஒரே மணிக்கட்டு. ஒரே கோணம்.

16/
நம்ம விரலை அசைக்கிற பல தசைகள் முழங்கைக்குக் கீழ இருக்கு. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு மாதிரி மணிக்கட்டு வழியா விரலுக்குப் போகுது. கயிறு ஒரு குழாய்க்குள்ள ஓடுறதா வெச்சுக்கோங்க. ஓய்வே இல்லாம ஒரே இடத்துல இழுத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? உரசும், வீங்கும்.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல சுள்ளுன்னு வலிச்சா டி குவெர்வெய்ன். செல்போன்ல கட்டைவிரலால ஆடுறவங்க இதைக் கவனிக்கணும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போய், ராத்திரி தூக்கத்துல கையை உதறிக்கிட்டு எழுந்தா கார்ப்பல் டனல்.

17/
இதுக்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்ல. ஓய்வு. எந்த வேலை வலியைக் கொடுத்ததோ அதை நிறுத்துறது.

வலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு அடுத்த ஷிஃப்ட் வெட்டப் போகாதீங்க. வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியை அமுக்கிட்டா தீ அணையாது.

18/
கண். திரையை உத்துப் பார்க்கும்போது இமைக்கிறது குறையும். கண்ணீர் படலம் காயும். எரிச்சல், உறுத்தல், மங்கல். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்துல இருக்கிற எதையாவது பாருங்க.

கால். மணிக்கணக்கா அசையாம உட்கார்ந்தா கெண்டைக்கால் சிரைகள்ல ரத்தம் தேங்கும். தேங்கின ரத்தம் உறையுறதுக்கான வாய்ப்பு கூடும். மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்க.

தூக்கம். இதுதான் முதல் பலி. "இன்னும் ஒரு லெவல்" என்ற வார்த்தை ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சு 3 மணிக்கு முடியும். அடுத்த நாள் வகுப்போ, வேலையோ, பைக் ஓட்டுறதோ, அந்தக் கடனை உங்க உடம்புதான் கட்டும்.

19/
"ஏன் டாக்டர், போரடிக்கிற வேலையை எதுக்கு ஒருத்தன் விடாம செய்யணும்?"

நல்ல கேள்வி. ரெண்டு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, முயற்சிக்கும் பலனுக்கும் நேர்க்கோடு. வெட்டினா ஏறும். நிஜ வாழ்க்கையில படிச்சவனுக்கு எல்லாம் வேலை கிடைச்சுடுதா? உழைச்சவனுக்கு எல்லாம் கூலி சரியா வருதா? இங்க வரும். கண் முன்னாடி வரும்.

ரெண்டு, பாறை வெட்டும்போது 256ல ஒரு தடவை எதிர்பாராம ஒரு ரத்தினக்கல் விழும். எப்போன்னு தெரியாது. எப்போ வரும்னு தெரியாத பரிசுதான் மனுஷனை விடாம இழுத்துப் பிடிக்கும்.

20/
இந்த முதல் காரணத்தை நான் கேலி பண்ண மாட்டேன். தோத்துக்கிட்டே இருக்கிற ஒருத்தனுக்கு, தினமும் அரை மணி நேரம் "நாம செஞ்சது பலிச்சது"ன்னு தோணுற ஒரு இடம் கிடைச்சா, அது நல்லதுதான்.

ஆனா அந்த இடம் அவனோட மத்த இடங்களை விழுங்கினா? அப்போதான் நாங்க பேச ஆரம்பிக்கிறோம்.

21/
உலக சுகாதார நிறுவனம் 2019ல ஏத்துக்கிட்டு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியல்ல "கேமிங் டிஸ்ஆர்டர்" இருக்கு. ஆனா அதுல எத்தனை மணி நேரம்னு ஒரு எண்ணே கிடையாது. கவனிச்சீங்களா?

மூணு விஷயம் பார்ப்பாங்க.
ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியலையா?
சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாத்தையும் விட ஆட்டமே முதல்ல வருதா?
கெடுதல் நடந்தும் நிறுத்த முடியாம தொடருதா?
இது வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்கு, பொதுவா 12 மாசம் நீடிக்கணும்.

22/
அதனால லீவுல ரெண்டு நாள் சேர்ந்தாப்ல ஆடினவனை "அடிக்ட்"னு கூப்பிடாதீங்க. அது நோய் இல்ல.

அதே மாதிரி, "நான் ரெண்டு மணி நேரம்தான் ஆடுறேன்"னு சொல்லி, அந்த ரெண்டு மணி நேரம் பரீட்சைக்கு முந்தின ராத்திரியா இருந்தா, "அளவா ஆடுறேன்"னு தப்பிக்காதீங்க. கடிகாரம் மட்டும் கேள்வி இல்ல. எதைத் தின்னு அந்த நேரம் வருது என்பதுதான் கேள்வி.

23/
அடுத்து காசு.

ஜேகெக்ஸ் "பாண்ட்" என்று ஒண்ணு விக்குது. நிஜக் காசு கொடுத்து வாங்கி, கேமுக்குள்ள மத்த ஆட்களுக்குத் தங்கத்துக்கு வித்துக்கலாம். இது அவங்க விதிக்கு உட்பட்டதுதான்.

ஆனா கணக்குப் போடுங்க. மாசக்கணக்கா வெட்டிச் சேர்க்கிற தங்கத்தை ஒரு கார்டு தேய்ச்சா வாங்கலாம்னு ஆனதும், வெட்டுறது முட்டாள்தனமா தோணும். வெட்டுறது முட்டாள்தனமா தோணினா விளையாட்டுல என்ன மிச்சம்?

24/
"சின்னச் சின்ன காசுதானே"ன்னு நினைக்கிறவங்களுக்கு:

2019 செப்டம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் டிஜிட்டல், கலாச்சாரம், ஊடகம், விளையாட்டுக் குழு ஒரு அறிக்கை வெளியிட்டது. ரூன்ஸ்கேப்ல செலவழிச்சு 50,000 பவுண்டுக்கு மேல கடனாளியான ஒருத்தரைப் பத்தி அதுல இருக்கு. ஒருத்தர் வாரத்துக்கு 1,000 பவுண்டு, மாசத்துக்கு 5,000 பவுண்டு வரை செலவழிக்க முடியும்னு நிறுவனமே அந்தக் குழுகிட்ட சொல்லியிருக்கு. அந்த வரம்பைத் தொட்டவங்க ரொம்ப அபூர்வம்னும் சொன்னாங்க.

அபூர்வமா இருக்கலாம். ஆனா அந்த வீட்டுக்கு அது அபூர்வம் இல்லையே.

25/
"அப்போ நாம வெட்டி வித்தா சம்பாதிக்கலாமே?"

வந்தாச்சா அந்தக் கேள்வி.. கேம் தங்கத்தை வெளியே நிஜக் காசுக்கு விக்கிறது ஜேகெக்ஸ் விதிப்படி குற்றம். கணக்கை முடக்கிடுவாங்க. தானா வெட்டுற "பாட்" மென்பொருள் போட்டாலும் அதே கதி. போதாததுக்கு அந்த மென்பொருளை உங்க கம்ப்யூட்டர்ல போடுறது, முகம் தெரியாதவன்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி.

26/
வெனிசுலாவில் பொருளாதாரம் நொறுங்கி, பணத்துக்கு மதிப்பே இல்லாம போன காலத்துல, அங்க இருந்த இளைஞர்கள் இதே கேம்ல பச்சை டிராகன்களைக் கொன்னு, கிடைச்சதை டாலருக்கு வித்து வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கினாங்க. அவங்களைத் தேடிப் பிடிச்சுக் கொல்றது எப்படின்னு மத்த ஆட்டக்காரங்க வழிகாட்டி எழுதினாங்க.

ஒருத்தனுக்குச் சோறு, இன்னொருத்தனுக்கு வேடிக்கை. "விளையாடி சம்பாதி" என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். விளையாட்டு கூலியானா அதுல கூலியாளுக்கான கஷ்டம் எல்லாம் இருக்கும். பிஎஃப் மட்டும் இருக்காது.

27/
"நான் என் நேரத்துல, என் வீட்டுல, நம்பர் ஏத்துறேன். உங்களுக்கு என்ன?" என்று கேட்கிற அனுபவசாலிகளுக்கும் பதில் இருக்கு.

உங்களை ஒண்ணுமே சொல்லலைங்க. 99 அடிச்சு அந்தக் கேப்பை மாட்டிக்கிட்டு நிக்கிறதுல ஒரு பெருமை இருக்கு, ஒத்துக்கிறேன். நீங்க வருஷக்கணக்கா ஆடி, தெரிஞ்சே அந்தப் பாதையை எடுத்தீங்க.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. புதுசா வர்றவனுக்கு முதல் பாடமா உங்க கடைசிப் பாடத்தைக் கொடுக்காதீங்க. நீச்சல் கத்துக்க வந்தவனை யாராவது கடல்ல தள்ளுவாங்களா?

28/
என்னைக் கேட்டா புதுசா வர்றவங்களுக்கு என் சீட்டு இதுதான்:

✅ முதல் வாரம் செம்பும் தகரமும். பேங்க் வரைக்கும் நடந்து போய் போடுங்க. அந்த நடையில ஊரைப் பார்ப்பீங்க, கைக்கும் ஓய்வு.
✅ வெட்டினதை உருக்குங்க, அடிச்சு ஏதாவது செய்யுங்க. நீங்க செஞ்ச வெண்கலக் கத்தியில ஒரு சந்தோஷம் இருக்கு.
✅ ஃபலடோர் ஊருக்கு வடக்கே டோரிக் என்ற குள்ளர் இருப்பார். 6 களிமண், 4 செம்பு, 2 இரும்புத் தாது கேட்பார். கொடுத்தா 1,300 மைனிங் எக்ஸ்பி. எதுக்கோ வெட்டுறோம்னு ஒரு அர்த்தம் வரும்.

29/
✅ கை வலிக்கிறவங்க, லெவல் 10க்கு மேல வானத்துலேருந்து விழுற நட்சத்திரப் பாறைகளைத் தேடிப் போங்க. ஒரு கிளிக்குக்கு ரொம்ப நேரம் வெட்டுவான். நாலு பேர் சுத்தி நின்னு அரட்டை அடிப்பாங்க. எக்ஸ்பி மெதுவாத்தான் வரும். வரட்டுமே!
✅ 25 நிமிஷத்துக்கு போன்ல அலாரம். அடிச்சா எழுந்து தண்ணி குடிங்க. 6 மணி நேரம் தொடர்ந்து ஆடினா கேமே உங்களை வெளியே தள்ளும். அது கேமோட வரம்பு. உங்க வரம்பு அதுல கால்வாசி கூட இருக்கக் கூடாது.
✅ கணக்குக்கு ரெண்டடுக்குப் பாதுகாப்பும் பேங்க் பின் நம்பரும் போடுங்க.
❌ "தங்கத்தை டபுள் பண்ணித் தரேன்"னு எவன் வந்தாலும் நகர்ந்து போயிடுங்க. இந்த ஏமாத்து நம்ம ஊர்லயும் இருக்கு, உங்களுக்கே தெரியும்.

30/
பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனைப் பிடுங்கி எறியாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து "இது என்னடா பாறை? எதுக்கு வெட்டுற? இப்போ எத்தனை லெவல்?"னு கேளுங்க. பத்து நிமிஷம் போதும்.

அவன் எதுல ஜெயிக்கிறான்னு தெரிஞ்சா, எதுல தோத்துக்கிட்டு இருக்கான்னும் தெரியவரும். அதுதான் உண்மையான நோய்க்குறிப்பு.

தூக்கம், படிப்பு, சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைஞ்சு மாசக்கணக்காப் போகுதுன்னா, திட்டாம மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டு வாங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. கட்டணம் இல்லாத டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் பேசலாம்.

31/
கடைசியா ஒண்ணு.

இந்தப் பாறைகளோட பெரிய நல்ல குணம் என்ன தெரியுமா? அது எங்கயும் போகாது. வெட்டினா திரும்ப நிறையும். நீங்க இன்னிக்கு ராத்திரி தூங்கப் போனா, நாளைக்கும் அதே சதுப்பு நிலத்துல, அதே செம்பு, அதே இடத்துல இருக்கும். யாரும் வெட்டி முடிச்சுட முடியாது.

உங்க மணிக்கட்டும், கண்ணும், பதினேழு வயசும் அப்படி இல்ல. வெட்டினா திரும்ப நிறையாது.

32/
அதனால பிக்காசை எடுங்க. இறங்குங்க. நல்லா வெட்டுங்க.

அலாரம் அடிச்சா மேல ஏறி வந்துடுங்க.

இதைக் கேம் ஆடுற தம்பி தங்கைகளுக்கும், அவங்களைத் திட்டுற பெரியவங்களுக்கும் சேர்த்தே அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.